தலைவர் முகமில்லாத ஒப்பந்தங்கள்

எஸ்.பி.எம். தேர்வுக்கு வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் மனப்பாடமாக இருக்கும். துங்கு மேற்கத்தியச் சார்பு. ரசாக் நடுநிலை. உசேன் ஓன் ஆசியான். மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கை. ஒரு பிரதமருக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு இரண்டு புள்ளி. பிரதமர் மாறினால் நாடு உலகத்தைப் பார்க்கும் திசையும் மாறும் என்று அந்தப் பட்டியல் நமக்குச் சொல்லித் தந்தது. பிறகு வளர்ந்து, தலைவர்களின் தன்வரலாறுகளையும் அவர்களைப் பற்றிய தடித்த புத்தகங்களையும் வாசித்தால், அவையும் பெரும்பாலும் அதே பட்டியலின் நீண்ட வடிவம்தான். ஒருவருக்குக் கோபம் வந்தது, ஒருவருக்கு ஞானம் பிறந்தது, நாடு திரும்பியது.

இந்தக் கதையை நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நின்று வாசித்தால் எப்படித் தெரிகிறது, அப்படி வாசிக்க நம் இலக்கியம் ஏன் மெனக்கெடவில்லை என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வேலை செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில். இயந்திரம் நின்றால் அறிக்கை எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'ஆப்பரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தால் அறிக்கை திரும்பி வந்துவிடும். ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து முறை கேட்டு எழுதச் சொல்வார்கள். வெளியுறவுக் கொள்கை பற்றிய நம் எழுத்தில் பிரதமரின் பெயர்தான் அந்த ஆப்பரேட்டர். முதல் 'ஏன்' முடிந்ததும் பேனாவை மூடிவிடுகிறோம்.

ரசாக்கை எடுத்துக்கொள்ளலாம். 1974 மே 31 அன்று பெய்ஜிங்கில் சீனாவோடு அரச உறவு ஏற்படுத்திய ஒப்பந்தம், ஆசியானில் அப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. ஆகஸ்டில் பொதுத்தேர்தல் வந்தது. சீனத் தலைவர்களோடு ரசாக் நிற்கும் படம் தேர்தல் சுவரொட்டியாகவே ஆனது. துணிச்சலான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தை நடுநிலை வட்டாரமாக்க வேண்டும் என்ற யோசனையை நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர் துன் டாக்டர் இஸ்மாயில். 1968 ஜனவரியில், அமைச்சராகக்கூட இல்லாத நேரத்தில். அதே மாதம்தான் பிரிட்டன் சூயெசுக்குக் கிழக்கே இருக்கும் தன் படைகளை 1971க்குள் திரும்ப அழைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. காவலுக்கு இருந்தவன் மூட்டை கட்டுகிறான் என்றால் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசித்தானே ஆகவேண்டும். ரசாக் செய்தது, கனிந்திருந்ததைச் சரியான நேரத்தில் பறித்தது. அதுவும் ஒரு திறமை. ஆனால் மரத்தை நட்டவர் அவரல்ல.

ஒரு தலைவரால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று அளந்து பார்க்க 1981 போல வசதியான ஆண்டு நம் வரலாற்றில் இல்லை. அது தோட்டங்களின் ஆண்டும்கூட.

ஜூலை 16 அன்று மகாதீர் பிரதமரானார். அவருக்கு முன் இருந்த மூவரும் இங்கிலாந்தில் சட்டம் படித்தவர்கள். இவர் சிங்கப்பூரில் மருத்துவம் படித்தவர். லண்டன் மேல் அந்த மூவருக்கும் இருந்த பழைய மாணவர் பாசம் இவருக்கு இல்லை என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது, நானும் நம்புகிறேன். இரண்டு மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 7 காலையில், லண்டன் பங்குச் சந்தை திறந்த நான்கு மணி நேரத்துக்குள் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பாதிக்கும் மேற்பட்ட பங்குகளை வாங்கி முடித்துவிட்டது. கத்ரி என்றால் 1821இல் சிங்கப்பூரில் ஒரு ஸ்காட்லாந்து வணிகர் தொடங்கிய கம்பெனி. ரப்பரும் செம்பனையுமாக ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர் நிலம். நெகிரியில் அந்தப் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை. அதன் செமாரா ஆராய்ச்சிப் பிரிவு சிரம்பானில்தான் இருந்தது. 'விடியல் தாக்குதல்' என்று இன்றைக்கும் பெருமையோடு சொல்லப்படும் சம்பவம் இது.

லண்டனில் கொதித்துப் போனார்கள். பங்குச் சந்தை தன் விதிகளை மாற்றியது. ஏற்கெனவே தாட்சர் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை முழுச் செலவுக்கு உயர்த்தியிருந்த எரிச்சல் வேறு இங்கே இருந்தது. அக்டோபரில் மகாதீர் அறிவித்தார்: பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு. மெல்பர்னில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கும் அவர் போகவில்லை. அடுத்த ஆண்டு கிழக்கை நோக்கும் கொள்கை. ஜப்பானையும் கொரியாவையும் பார்த்துக் கற்றுக்கொள்வோம் என்றார். 1983 ஏப்ரலில் பிரிட்டிஷ் தடை விலக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்துப் பெர்காவ் அணைக்கட்டு உதவியும் ஆயுத வியாபாரமும் பின்னிக்கொண்ட கதை தனி. கோபம் எவ்வளவு சீக்கிரம் ஒப்பந்தமாக மாறக்கூடியது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதில் மகாதீருடையது எது? விடியல் தாக்குதல் அல்ல. அதை நடத்திய நிறுவனம் உசேன் ஓன் காலத்தில், 1978இல் உருவானது. கத்ரியை வாங்க 1979இலேயே சைம் டார்பி முயன்று தோற்றிருந்தது. அதற்கும் பின்னால் 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கையும் அதன் முப்பது விழுக்காட்டு இலக்கும் இருக்கின்றன. இரண்டு மாதப் பிரதமர் ஒருவரால் தனியாகத் திட்டமிட்டிருக்கவே முடியாத வேலை அது. அவர் கொடுத்தது வேறு. ஒரு பங்குச் சந்தைக் காரியத்தை ஒரு தேசத்தின் தன்மானக் கதையாக அவர் மாற்றினார். 'அவர்கள் நம்மை அவமதித்தார்கள், நாம் திருப்பிக் கொடுத்தோம்' என்ற வாக்கிய அமைப்பு அவருடையது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் மலேசியா உலக அரங்கில் பேசிய தொனி அந்த வாக்கியத்திலிருந்து வந்தது. ஒரு தலைவர் வெளியுறவுக் கொள்கைக்குத் தருவது பெரும்பாலும் இந்த மூன்றுதான் என்று எனக்குப் படுகிறது: வேகம், தொனி, கதை. இதைச் சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை. கதைக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை முடிவு செய்வது அந்தக் கதையைச் சொல்பவர்தான்.

கத்ரி கதையில் 'நாம்' என்று ஒரு சொல் வருகிறது. நம் நிலம் நம்மிடம் திரும்பியது. மெர்டேக்கா கிடைத்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் இந்நாட்டின் பெருந்தோட்டங்களை லண்டனில் உட்கார்ந்து நடத்துவது சரி என்று யாரும் வாதாட முடியாது, நானும் மாட்டேன். ஆனால் அந்த நிலத்தின் லாபம் போய்ச் சேர்வதற்காக அதே ஆண்டு தொடங்கப்பட்ட அமானா சஹாம் நேஷனல் முதலீட்டுத் திட்டம் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமானது. மூன்று தலைமுறையாக அந்த மரங்களைச் சீவியவர்கள் அதில் ஒரு யூனிட்கூட வாங்க முடியாது. வெளியே பிரிட்டனிடம் சொன்ன 'நாம்' வேறு, உள்ளே பங்கு பிரித்த 'நாம்' வேறு. இத்தனைக்கும் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்ற யோசனை ஒன்றும் புதிதல்ல. துன் சம்பந்தன் 1960லேயே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதாமாதம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சின்னத் தொகை சேர்த்துத் தோட்டங்கள் வாங்கிக் காட்டியிருக்கிறார். 1981இல் அந்த யோசனையை யாரும் ஒரு பேச்சுக்குக்கூட நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் தாத்தா வேலை செய்த தோட்டம் கத்ரியுடையதல்ல, வேறொரு ஆங்கிலக் கம்பெனி. அதுவும் அந்த ஆண்டுகளில்தான் கைமாறியது. கம்பெனி மாறுனது உங்களுக்கெல்லாம் எப்படிப்பா தெரிஞ்சதுன்னு அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சம்பள கார்டுல பேரு மாறிச்சு. அப்புறம் தண்ணி டேங்க்குக்கு வேற கலரு பெயிண்ட் அடிச்சாங்க" என்றார். வெள்ளைக்காரத் துரை போய் மலாய்க்கார மேனேஜர் வந்தது அதற்கும் முன்பே நடந்துவிட்டதாம். பெரட்டு அதே ஆறு மணிக்கு.

கிழக்கை நோக்கும் கொள்கை எங்கள் பக்கம் வந்த விதமும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இல்லை. ஜப்பானுக்குப் படிக்கப் போனவர்கள் போனார்கள். எங்களுக்கு ஃபேக்டரி பஸ் வந்தது. செனவாங்கிலும், தொண்ணூறுகளில் சிரம்பானில் வந்த சாம்சங் ஆலையிலும், இன்னும் பல இடங்களிலும் வேலைக்குப் போன அக்காமார்களைக் கேட்டால் தெரியும். விடியற்காலையில் லயத்து வாசலில் சீருடையோடு நின்ற அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் ரப்பர் வாளியைக் கையால் தொடாமல் சம்பளம் வாங்கிய முதல் தமிழ்ப் பெண்கள், எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை. அதனால் அந்தக் கொள்கையைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வராது. என் அத்தை ஓவர்டைம் செய்த காசில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜ் வந்தது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையை மாற்றிய வெளியுறவுக் காரியம் எது என்று கேட்டால் நான் 'பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு' என்று சொல்லமாட்டேன். 1984 மே மாதம் மேடான் நகரில் மலேசியாவும் இந்தோனேசியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சொல்வேன். தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இந்தோனேசியத் தொழிலாளர்களை முறைப்படி அனுப்புவதற்கான ஒப்பந்தம். அதன் வழியாக வந்தவர்களைவிட அதைச் சுற்றிக்கொண்டு மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் கதவு அதிகாரபூர்வமாகவே திறந்திருக்கிறது என்ற செய்தி எல்லாக் கோண்ட்ராக்டருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டால் ஆள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆளும் இனிக் கோண்ட்ராக்டில் கிடைப்பான். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் தொழிற்சங்கத்துக்கு அதற்குப் பிறகு மேசையில் தட்ட என்ன இருக்கிறது? தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது 2013இல். மேடானுக்குப் பிறகு இருபத்தெட்டரை ஆண்டுகள்.

மேடான் ஒப்பந்தத்துக்குத் தலைவர் முகம் கிடையாது. கையெழுத்துப் போட்டது யார் என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. அவமானம் இல்லை, பதிலடி இல்லை, விடியல் இல்லை. அதனால் கதையும் இல்லை. மகாதீர் ஆட்சியில்தான் அதுவும் நடந்தது, ஆனால் அவரைப் புகழ்கிறவர்களும் சரி, ஏசுகிறவர்களும் சரி, அதைத் தொடுவதில்லை.

பின்னோக்கிப் பார்த்தால் இதே மாதிரி இன்னும் இருக்கிறது. 1937இல் நேரு மலாயாவுக்கு வந்ததைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் கணக்கை மாற்றியது அடுத்த ஆண்டு ஜூனில் இந்திய அரசாங்கம் போட்ட தடை. ரப்பர் விலை சரிந்ததும் முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். உதவிப் பயணத்தில் இனி தொழிலாளர்களை அனுப்பமாட்டோம் என்று டில்லி நிறுத்தியது. இந்தியா அப்போது சுதந்திர நாடே இல்லை. அந்த முடிவுக்குப் பின்னால் கூலிக் கணக்கும் அறிக்கைகளும் ஒரு பேரமும் இருந்தன, மாலை போட்ட ஒரு முகம் இல்லை. கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஆள் வந்திறங்கிய காலம் அதோடு முடிந்தது. அதேபோல 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமச் சட்டம் அமலானபோது தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். வெளிநாட்டு இந்தியர்கள் இருக்கும் நாட்டுக்கே விசுவாசமாக இருக்கவேண்டும் என்பது நேருவின் கொள்கை. மேடையில் கேட்க அழகான கொள்கை. சிவப்பு அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு அது என்ன பொருள் தந்தது என்பது வேறு விஷயம்.

நம் இலக்கியத்துக்கு வருவோம். உலக அரசியல் தோட்டத்துக்குள் நேரடியாக நுழைந்த ஒரு காலத்தை நம் நாவல்கள் நன்றாகவே எழுதியிருக்கின்றன. அது ஜப்பானியர் காலம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் வாசிக்காதவர்கள் வாசிக்கவேண்டும். அங்கே ஒரு பேரரசின் முடிவு லாரியாக வந்து மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அதைப் பார்க்காமல் எழுதவே முடியாது. நேதாஜியும் அப்படித்தான். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் தற்காலிக அரசை அறிவித்து, கையில் ஒரு நாடும் இல்லாமலேயே பிரிட்டன்மேலும் அமெரிக்காமேலும் போர் தொடுத்த தலைவர். தலைவரே கொள்கை, கொள்கையே தலைவர் என்பதற்கு அவர் ஒருவர்தான் சுத்தமான உதாரணமாக எனக்குத் தெரிகிறார். லயத்து வீடுகளில் அவர் படம் எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் தொங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் போர் முடிந்ததும் நம் தோட்டக் கதைகளில் உலகம் மறைந்துவிடுகிறது. வேலி போட்ட மாதிரி. கங்காணி, கிராணி, மண்டோர், சம்சு, சாதி, கோயில் திருவிழாச் சண்டை. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' அந்த வேலிக்குள் எவ்வளவு ஆழமாகத் தோண்டலாம் என்று காட்டிய நாவல். அதைக் குறைசொல்ல நான் யார். அதற்குப் பின்னால் வந்த நூறு கதைகள் வேலியை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பிரச்சினை. வேலை போகிறது, கிராணி காரணம். லயத்தை இடிக்கிறார்கள், மேனேஜர் காரணம். நான் வாசித்தவரை, 1981இல் தன் காலுக்கடியில் இருந்த நிலம் உலகத் தலைப்புச் செய்தியான அந்த நாளில் தீம்பாரில் நின்ற ஒரு பால்மரம் வெட்டும் பெண்ணை எந்தக் கதையிலும் நான் சந்தித்ததில்லை. பக்கத்து லயத்துக்குப் புதிதாக வந்த ஜாவாக்காரனைச் சந்தித்திருக்கிறேன்: பெரும்பாலும் திருடனாக, இல்லையென்றால் நம் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடுகிறவனாக. அவனை இங்கே கொண்டுவந்தது எது என்று அந்தக் கதைகள் கேட்பதில்லை. அவனும் ஒரு ஆப்பரேட்டர்.

இன்னொரு பக்கம், தலைவர் வாழ்த்துக் கவிதைகள். ஞாயிறு பதிப்புகளில் அவற்றுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. உலகமே வியக்கும் தலைவன், உலக அரங்கில் கர்ஜித்த சிங்கம். கட்சி மாறினால் சிங்கத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சந்தம் கெடாது.

டீக்கடையில் இரண்டு பாத்திரங்களை உட்காரவைத்து அனைத்துலக அரசியலை ஒப்பிக்கவிடும் அத்தியாயங்களை நான் கேட்கவில்லை. அதையெல்லாம் நிறைய வாசித்துக் களைத்துவிட்டோம். சம்பள கார்டில் மாறிய பெயர், டேங்க்கின் புது நிறம், ஃபேக்டரி பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கொரியக் கம்பெனியின் பெயர், புதிதாக வந்தவன் சமையலில் வீசும் பெலாச்சான் வாசனை. கொள்கை லயத்துக்குள் வந்தது இந்த வழியாகத்தான். இதற்குத் தலைவரின் உரை தேவையில்லை, பார்க்கிற கண் போதும். அந்தக் கண் நம்மிடம் இருக்கிறது; கிராணியின் மனைவி என்ன புடவை கட்டியிருந்தாள் என்பதை நாற்பது ஆண்டு கழித்தும் சரியாக எழுதுகிறவர்கள் நாம்.

இப்போது நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாக்கப்பட்டன. 2020 டிசம்பர் 30 அன்று அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்த உத்தரவிட்டது. அந்த உழைப்பாளிகள் நம் ஆட்கள் அல்ல. நம்மவர்கள் எப்போதோ ரந்தாவுக்கும் சிரம்பானுக்கும் மலிவு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றிய தடை அது. நிறுவனம் அவர்களிடம் வசூலிக்கப்பட்ட ஆள்சேர்ப்புக் கட்டணங்களைத் திருப்பித் தந்தது, வழக்கங்களை மாற்றியது, 2023 பிப்ரவரியில் தடை தளர்ந்தது. மூன்று பிரதமர்கள் மாறிய காலம் அது. நம் கங்காணி காலத்துத் தாத்தாக்கள் முன்பணக் கடனில் மாட்டிக்கொண்டு தவித்தபோது எந்த நாட்டின் சுங்கத்துறையும் எட்டிப் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு கசப்பு உண்டு. இன்றைக்கு ஒருவனுக்காவது கிடைத்ததே என்ற நினைப்பும் உண்டு. இரண்டும் ஒரே கதையில் இருக்கலாம்.

2024இல் சைம் டார்பி பிளாண்டேஷன் தன் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப் பெயர் எஸ்.டி. கத்ரி. நான்கு மணி நேரத்தில் நாடு லண்டனிடமிருந்து பிடுங்கி வந்த நிலத்தின் மேல், நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த ஸ்காட்லாந்து வணிகரின் பெயரையே எடுத்து மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் அப்பாவைக் காரில் கூட்டிப்போகும்போது இதைச் சொன்னேன். "அப்ப திரும்பவும் கார்டுல பேரு மாத்துவாங்களே" என்றார். அவர் ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிறது. சாலையோரம் பழக்குலை ஏற்றிக்கொண்டிருந்த பங்களாதேஷ் பையன்களில் ஒருவன் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். அவன் நாட்டோடு மலேசியா ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது 2021 டிசம்பரில். அப்பா கண்ணாடியை இறக்கி, மலாயில் அவனிடம் ஒரு நாளைக்கு எத்தனை குலை வெட்டுகிறாய் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.